நண்பர்களோடு லே, லடாக்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2016, 2019, 2023 என மூன்று முறை நண்பர்களோடு லடாக் போய் வந்தேன். அதன் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே சந்தேகங்கள்தான் வேறு வேறு குரலில் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்கின்றன.

லே எவ்வளவு உயரம்? ஊட்டி, கொடைக்கானல் மாதிரிதானே இருக்கும்?

இல்லை. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது. அதாவது தமிழ்நாட்டில் எந்தச் சிகரத்தில் ஏறி நின்றாலும், லேயின் கடைத்தெரு உங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும்.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கர்துங் லா போன்ற கணவாய்களில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறையும். இந்தப் பக்கத்தில் இனி வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் காரணம்.

எந்த மாசம் போனா நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. கூட்டம் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், வயல்களில் பார்லி மஞ்சளாகி நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் மணாலி வழியாகப் போனால் மழையும் நிலச்சரிவும் பயணத்தை நிறுத்தக்கூடும்.

லே மழைமறைவுப் பகுதி. ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவில்தான். ஆனால் அந்தக் கொஞ்ச மழை ஒரே நேரத்தில் கொட்டினால் பிடித்து நிறுத்த மரமோ மண்ணோ கிடையாது. 2010 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மேகவெடிப்பால் வந்த வெள்ளம் லேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் பலரைக் கொண்டுபோனது. அதனால் கூடாரத்தில் தங்கும்போது அது காய்ந்த ஓடைப் படுகையில் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தங்குங்கள். முதல் பயணத்துக்குக் குளிர்காலம் வேண்டாம்.

ஃப்ளைட்ல போறதா, ரோட்ல போறதா?

காலையில் டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லே. உடம்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சாலையில் போனால் ஸ்ரீநகர் வழி நல்லது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர். சோஜி லா கணவாயைத் தாண்டி 2,700 மீட்டரில் இருக்கும் கார்கிலில் ஓர் இரவு தங்கலாம். மறுநாள் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவை ஏறி இறங்கி லே சேரலாம். ஏறுவது படிப்படியாக நடக்கிறது.

மணாலி வழி அழகில் குறைவில்லை. 2020இல் திறந்த அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயின் தொல்லையைத் தீர்த்துவிட்டது. ஆனால் பலர் நடுவில் தங்கும் சர்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர். உடம்பு பழகும் முன்பே லேயைவிட உயரத்தில் தூங்க வேண்டி வரும். அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர். மணாலி வழிதான் என்றால் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, அதிகாலையில் கிளம்பி ஒரே நாளில் லே சேருங்கள்.

நான் சொல்வது: ஸ்ரீநகர் வழியாகப் போங்கள், விமானத்தில் திரும்புங்கள். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். பிற்பகலில் காற்று பலமாகிவிடும். வானிலை சரியில்லை என்றால் ரத்தாகும். திரும்பும் தேதிக்கும் ஆபீஸ் போகும் தேதிக்கும் நடுவில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்.

லே போய் இறங்கின அன்னைக்கே சுத்திப் பார்க்கலாமா? மொத்தமே நாலு நாள் லீவுதான்.

கூடாது. இறங்கியதும் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். "ஒண்ணுமே தெரியலையே!" என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். தலைவலி வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் அரண்மனைப் படி ஏறி இறங்கியிருந்தால் முதல் இரவு மோசமாகிவிடும். விமானத்தில் வந்தவர்கள் 48 மணி நேரம் லேயை விட்டு உயரே போகவே கூடாது. முதல் நாள் அறையிலேயே இருங்கள். வெந்நீர், சூப், பேச்சு போதும். இரண்டாம் நாள் மெல்லக் கடைத்தெரு வரை நடக்கலாம்.

நாலு நாள்தான் என்றால் பாங்காங் ஏரியை மறந்துவிடுங்கள். ஷே, திக்சே மடாலயங்கள், 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்த ஒன்பது அடுக்கு லே அரண்மனை, நிம்மு அருகே சிந்துவும் சன்ஸ்காரும் வேறு வேறு நிறத்தில் வந்து கலக்கும் இடம், லேயைவிடத் தாழ்வாக இருக்கும் ஆல்ச்சியின் பழைய சுவரோவியங்கள் என்று நாலு நாளுக்கும் பார்க்க இருக்கிறது. ஓட்டமாக ஓடிப் பாங்காங்கில் படம் எடுத்துவிட்டு வந்தவர்களைவிட, இப்படிப் போய் வந்தவர்கள் அதிகம் பார்த்தார்கள் என்பதுதான் நான் கண்டது.

நான் தினமும் ஜிம் போறேன், ஹாஃப் மாரத்தான் ஓடுறேன். எனக்கும் வருமா?

வரும். உடற்தகுதிக்கும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் நன்றாக ஓடுபவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் முதலில் படுத்தவர் வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடுபவர். கடைசி வரை திடமாக இருந்தவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குபவர். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்க உதவும் நல்ல துப்பு ஒன்றுதான்: முன்பு உயரத்துக்குப் போனபோது வந்ததா என்பது.

டயமாக்ஸ் போட்டுக்கலாமா? போட்டா தலைவலியே வராதாமே?

உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடலாம். மருந்தின் பெயர் அசெட்டசோலமைட். தடுப்புக்காகப் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 125 மி.கி., காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்து ஊறும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா வகைகள் நாக்குக்கு விளங்காமல் போகும். இவையெல்லாம் மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

அது தலைவலியை மறைக்கும் மாத்திரை இல்லை. மூச்சைக் கொஞ்சம் வேகப்படுத்தி, உடம்பு பழகுவதைச் சீக்கிரமாக்குகிறது. வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. மாத்திரை போட்டுவிட்டோம் என்று முதல் நாளே கர்துங் லா ஏறக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில நாட்களுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டும் மூச்சை மந்தமாக்கும்.

தலைவலி வந்தா எது சாதாரணம், எது ஆபத்து? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லேசான தலைவலி, பசியின்மை, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை இவை உயர நோயின் முதல் படி. அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் போய்விடும். அதுவரை ஒரு மீட்டர்கூட மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் அதிகமானால் இறங்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதைக் குழுவில் எல்லோரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆபத்து இரண்டு வகை. ஒன்று மூளையில் நீர் கோப்பது. ஆள் தடுமாறுவார், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்க்கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்றால் அந்த நிமிடமே இறங்க வேண்டும். இன்னொன்று நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். இது பெரும்பாலும் இரண்டாவது இரவிலிருந்து நான்காவது இரவுக்குள் வரும். தலைவலி இல்லாமலும் வரலாம். இந்த இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதும் ஆக்சிஜனும்தான். காலை வரை பார்க்கலாம் என்பது இங்கே உயிரோடு விளையாடுவது.

ராத்திரி தூக்கத்துல மூச்சே நின்ன மாதிரி திடுக்குனு முழிச்சுட்டேன். இதுவும் ஆபத்தா?

இல்லை. உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாகத் திரும்புவது பலருக்கும் நடக்கும். எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், போதும். விழித்திருக்கும்போதும் மூச்சு முட்டினால் மட்டும் மேலே சொன்ன இரண்டாவது வகை ஆபத்தா என்று பாருங்கள்.

ஆக்சிஜன் கேன் வாங்கணுமா? ஆக்சிமீட்டர்?

கடையில் விற்கும் சின்ன கேன் தொடர்ந்து அழுத்தினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மனதுக்குத் தைரியம் தரும், அவ்வளவுதான். உண்மையான அவசரத்துக்கு வண்டியில் சரியான சிலிண்டர் இருக்க வேண்டும். வண்டி பேசும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

ஆக்சிமீட்டர் எடுத்துப் போங்கள், ஆனால் ஒருவருக்கொருவர் போட்டி போட வேண்டாம். சென்னையில் 98 காட்டியது லேயில் 80களின் கடைசியில் காட்டுவது இயல்பே. பார்க்க வேண்டியது, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை. விரல் சில்லென்றிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருந்தும் ஆள் தடுமாறினால் ஆளை நம்புங்கள், எண்ணை விடுங்கள்.

எந்த வரிசையில போகணும்? எல்லாரும் முதல்ல பாங்காங்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போவது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் வழக்கமான விதி. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதே கணக்கு. பாங்காங் கரை ஏறக்குறைய 4,250 மீட்டர், லேயைவிட 750 மீட்டர் உயரம். நூப்ரா பள்ளத்தாக்கோ 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. ஆகவே லேயில் இரண்டு அல்லது மூன்று இரவு, நூப்ராவில் இரண்டு இரவு, அதற்குப் பிறகே பாங்காங்.

இன்னொரு காரணம் உண்டு. லேயிலிருந்து பாங்காங் போகும் நேர்வழி சாங் லா கணவாய் மேலே போகிறது. அது 5,300 மீட்டருக்கும் மேல். பாங்காங்கில் ராத்திரி ஒருவருக்கு முடியவில்லை என்றால், லேக்கு இறங்க அவரை முதலில் ஆயிரம் மீட்டர் ஏற்ற வேண்டும்! ஆபத்தில் இருப்பவருக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. ஏறாமல் இறங்கும் வழி ஒன்று இருக்கிறது: தாங்சே, துர்புக், ஷ்யோக் கிராமம், ஆகம் வழியாக ஷ்யோக் ஆற்றை ஒட்டி நூப்ராவுக்கு. பெரிய கணவாய் எதுவும் குறுக்கே வராது. நூப்ராவிலிருந்து பாங்காங்குக்கு இதே வழியில் வந்தால் உங்களுக்கும் ஓட்டுநருக்கும் அந்தப் பாதையின் நிலவரம் முன்பே தெரிந்திருக்கும். கோடையில் பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் சாலையில் பெருகும். காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

பாங்காங்ல ராத்திரி தங்கித்தான் ஆகணுமா?

தங்கினால் விடியலில் ஏரி நிறம் மாறுவதைப் பார்க்கலாம். முதலில் ஈய நிறம், வெயில் ஏறியதும் நீலம், மேகம் வந்தால் பச்சை. 134 கிலோமீட்டர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இந்தியப் பக்கம் என்பதை அங்கே நின்று பார்த்தால் நம்ப முடியாது. உப்பு நீர், ஆனாலும் குளிர்காலத்தில் உறைந்துவிடும்.

குழுவில் ஒருவருக்கு அன்று காலை தலைவலி இருந்தாலும் தங்காதீர்கள். தாங்சே, பாங்காங்கைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. அங்கே எளிய தங்குமிடங்கள் கிடைக்கும். பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு அங்கே போய்ப் படுக்கலாம்.

கர்துங் லாதான் உலகத்துலயே உயரமான ரோடாமே?

நெடுங்காலம் அங்கே இருந்த பலகை 18,380 அடி என்றது. அளந்து பார்த்ததில் 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர். அதைவிட உயரமான சாலைகள் லடாக்கிலேயே உண்டு. ஹான்லே பக்கம் இருக்கும் உம்லிங் லா 19,024 அடி.

பலகையோடு படம் எடுக்க வரிசை நீளமாக இருக்கும். 15, 20 நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். வண்டியிலிருந்து இறங்கி ஓடாதீர்கள்.

ஹான்லே அவ்ளோ தூரம் போறது வொர்த்தா? அங்க என்ன இருக்கு?

வானம் இருக்கிறது. நிலவில்லாத இரவில் பால்வீதி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலை வரை நீண்டு கிடக்கும். நான் முதன்முதலாகப் பார்த்தபோது மேகம் என்றுதான் நினைத்தேன். கூட வந்த தோழி "அது நகரவே இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எங்கள் ஆறு பேரில் யாரும் பேசவில்லை.

நமக்கும் அந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. அங்கே 4,500 மீட்டரில் இருக்கும் இந்திய வானியல் நோக்கு நிலையத்தை நடத்துவது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் நோக்கு நிலையமும், கொடைக்கானல் நோக்கு நிலையமும் அதே நிறுவனத்துடையவை. ஹான்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர் அது. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள்.

2022இல் ஹான்லே இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் அளித்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தங்கினால் அவர்களே வானத்தைக் காட்டுவார்கள். அமாவாசையை ஒட்டிப் போங்கள். இருட்டிய பிறகு வண்டியின் பெரிய விளக்கைப் போடாதீர்கள், ஜன்னல் திரையை மூடி வையுங்கள். ஊர் ஏறக்குறைய 4,300 மீட்டர் என்பதால் பாங்காங்குக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும். ஒரு நல்ல வித்தியாசம்: ஹான்லேயிலிருந்து நியோமா, சுமாதாங், உப்ஷி வழியாகச் சிந்துவை ஒட்டியே லேக்கு இறங்கிவிடலாம், உயரமான கணவாய் எதையும் ஏற வேண்டியதில்லை.

பெர்மிட் எடுக்கணுமா? எங்ககூட வர்ற ஒருத்தன் சிங்கப்பூர் பாஸ்போர்ட்.

லே நகரத்துக்கு வேண்டாம். நூப்ரா, பாங்காங், ஹான்லே, சோ மோரிரி ஏரி எல்லாம் எல்லைப் பகுதி. இந்தியர்களுக்கான விதி சில ஆண்டுகளாக மாறி மாறி வருகிறது, சுற்றுச்சூழல் கட்டணம் தனி. கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்து, அங்கேயே கட்டிவிட்டு, அச்செடுத்த நகல்கள் நாலைந்து எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கேட்பார்கள். அடையாள அட்டை அசல் கையில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் நண்பருக்கு விதியே வேறு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி தேவை. அதைப் பதிவு பெற்ற பயண முகவர் மூலமாகத்தான் எடுக்க முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே கதைதான். எல்லையை ஒட்டிய சில இடங்களுக்கு அவர்களை விட மாட்டார்கள். திட்டம் போடும்போதே முகவரிடம் ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். சாவடியில் போய் நின்றுகொண்டு "நீ மட்டும் இங்கேயே இரு" என்று நண்பரிடம் சொல்லும் நிலை வரக் கூடாது.

போன் வேலை செய்யுமா?

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். குழுவில் இரண்டு வேறு நிறுவனங்களின் போஸ்ட்பெய்டு இருந்தால் நல்லது. லேயைத் தாண்டினால் பல மணி நேரம் சிக்னலே இருக்காது. "நாளை மாலை வரை பேச முடியாது, கவலைப்படாதீர்கள்" என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். பணமும் லேயிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த பைக்ல போகலாமா? வாடகைக்கு எடுக்கலாமா? காரா?

சொந்த வண்டியில் தாராளமாகப் போகலாம். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கை லேயிலிருந்து நூப்ரா, பாங்காங் கொண்டுபோக விட மாட்டார்கள். அதற்கு லேயிலேயே வேறு வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டும். டாக்சி கட்டணங்கள் உள்ளூர் சங்கம் நிர்ணயித்தவை, ஆண்டுதோறும் பட்டியல் வெளியாகும். அதில் பேரம் பேசி மனம் கசக்க வேண்டாம். அவர்களுக்குச் சம்பாதிக்கக் கிடைப்பது ஆண்டில் நாலைந்து மாதம்தான்.

முதல் முறை போகும் குழுவுக்கு நான் சொல்வது உள்ளூர் ஓட்டுநரோடு கார். காரணத்தை இன்னும் சில கேள்விகள் தள்ளிச் சொல்கிறேன்.

சாப்பாடு எப்படி? ரெண்டு நாள் சோறு இல்லன்னா எனக்கு ஆகாது.

சோறு கிடைக்கும். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாங்காங்கில் இன்னும் சீக்கிரம். அதனால் திறந்த பாத்திரத்தில் வடித்தால் அரிசி வேகாமல் நடுவில் கல்லாக நிற்கும். குக்கரில் வைத்த சோறா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டால் தூக்கம் கெடும். அந்தக் குளிரில் துக்பா என்ற சூடான நூடுல்ஸ் சூப் உடம்புக்கும் மனதுக்கும் ஏற்றது. காய்கறியும் கோதுமை மாவுத் துண்டுகளும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் ஸ்கியூவையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் தங்கினால் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் தருவார்கள். தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, ரசம் என்று நினைத்துக் குடியுங்கள். ஊறுகாய்ப் பொட்டலமும் பருப்புப் பொடியும் எடுத்துப் போனால் வழியில் வீங்கி நிற்கும், பையில் வெடிக்காதபடி தனியாகக் கட்டுங்கள்.

அக்கா, தயங்கித்தான் கேக்குறேன். பாத்ரூம், பீரியட்ஸ் எல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?

தயங்க வேண்டாம், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். லேயில் பிரச்சினை இல்லை. வழியில் மணிக்கணக்கில் கழிப்பறை இருக்காது, மறைப்புக்கு ஒரு புதர்கூட இருக்காது. டயமாக்ஸ் வேறு அவசரப்படுத்தும். என் தோழிகள் சிலர் அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்தார்கள், தலைவலி இன்னும் கூடியது. ஆண் நண்பர்களிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் கேட்ட இடத்தில் வண்டி நிற்கும், எல்லோரும் மறுபக்கம் திரும்பி நிற்பீர்கள் என்று. விரித்துப் பிடிக்க ஒரு பெரிய துப்பட்டா போதும்.

கிராம வீடுகளில் உலர் கழிப்பறை இருக்கும். மாடியில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல். போய்விட்டு மண்ணைத் தள்ள வேண்டும். அது பின்னால் வயலுக்கு உரமாகும். அதில் தண்ணீரும் ஊற்றக் கூடாது, நாப்கினும் போடக் கூடாது. பயன்படுத்தியவற்றைக் காகிதத்தில் சுற்றி ஒரு பையில் போட்டு லே வரை திருப்பி எடுத்து வாருங்கள். பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை எடுப்பதாக இருந்தால், உயரத்துக்குப் போகிறேன் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என்ன டிரஸ் எடுத்துட்டுப் போறது?

ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. பகல் வெயில் சுடும், நிழலுக்குப் போனால் நடுங்கும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், மாநிறம் என்று அலட்சியம் வேண்டாம். சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ், உதட்டுக்குத் தைலம் கட்டாயம்.

ஒருத்தருக்கு முடியலன்னா மத்த அஞ்சு பேர் ட்ரிப் என்னாகுறது? காசு கட்டியாச்சே?

இதை ஊரிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மலை மேல், தலைவலியோடு, பாதித் தூக்கத்தில் பேசினால் நட்பு முறியும். நாங்கள் மூன்றாவது பயணத்துக்கு முன் பேசிவைத்தது இது: யாருக்கு முடியவில்லையோ அவரைத் தனியே அனுப்புவதில்லை, கூட ஒருவர் இறங்குவார், அது யார் என்பதும் முன்பே முடிவாகிவிடும். அந்த இருவருக்கான கூடுதல் செலவை ஆறு பேரும் பகிர்ந்துகொள்வோம். இறங்குவதா வேண்டாமா என்று ஓட்டெடுக்க மாட்டோம். நோயாளியோ ஓட்டுநரோ ஒருவர் "இறங்கலாம்" என்றால் இறங்குவது. ஆபத்து வகை என்றால் வண்டியும் ஆறு பேரும் சேர்ந்தே திரும்புவது.

செலவைப் பகிர்வதை ஏன் சேர்த்தோம் என்றால், நோய்வாய்ப்பட்டவர் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் காசுக்காகத்தான். மற்றவர்கள் பணம் வீணாகிவிடுமே என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால் காலையிலேயே சொல்லிவிடுவார்.

அவர் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னா நாம என்ன பண்றது?

2019இல் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நேராக லேயிலிருந்து பாங்காங் போனோம், மேலே சொன்ன தவறான வரிசையில். எங்களில் ஒருவன் காலையிலிருந்தே தலைவலியை மறைத்திருக்கிறான். சாங் லாவில் இறங்கிப் படம்கூட எடுத்தான். மதியம் சாப்பிடவில்லை, பசியில்லை என்றான். மாலையில் எல்லோரும் கரைக்குப் போனபோது கூடாரத்திலேயே இருந்தான். ஒவ்வொன்றையும் நாங்கள் பார்த்தோம், யாருமே சேர்த்துப் பார்க்கவில்லை. இரவு பதினோரு மணிக்கு வாந்தி. கழிப்பறைக்குப் போன இருபதடித் தூரத்தில் இரண்டு முறை விழுந்தான்.

எங்களுக்குத் தோன்றியது லேக்குக் கிளம்புவது. உள்ளூர் ஓட்டுநர்தான் தடுத்தார். "சாங் லா வேண்டாம், தாங்சேக்கு இறங்குவோம்" என்றார். இருட்டில் அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரிந்திருந்தது. தாங்சேயில் ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். விடியும்போது "டீ கிடைக்குமா?" என்று கேட்டான். உள்ளூர் ஓட்டுநர் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அன்று நாங்களே ஓட்டிப் போயிருந்தால் அவனை மேலே ஏற்றியிருப்போம்.

இப்போது நாங்கள் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். காலையும் மாலையும் ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி: தலை வலிக்கிறதா, என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், கடைசியாக எப்போது சிறுநீர் போனாய்? கூடவே இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறோம், ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொள்வார். சாப்பிடாதவர், பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்தவர், காரணமில்லாமல் எரிந்து விழுகிறவர், இவர்கள் மூவரையும் நேர்க்கோட்டில் நடக்க வைத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எனக்கு பிபி இருக்கு, ஃப்ரெண்டுக்கு ஆஸ்துமா. வரலாமா?

கட்டுக்குள் இருந்தால் பலரும் போய் வருகிறார்கள், ஆனால் மருத்துவர் சொன்ன பிறகு. இதய நோய், நுரையீரல் நோய், அரிவாள் செல் சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நிபுணரைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. வழக்கமான மருந்துகளை இரண்டு பங்காக எடுத்து, ஒன்றை நண்பரின் பையில் வையுங்கள்.

ஒரு தடவை போய்ப் பழகிட்டா அடுத்த தடவை இந்த ரெஸ்ட் எல்லாம் தேவையில்லைல்ல?

தேவை. உடம்பு பழகியது கீழே இறங்கிய சில வாரங்களில் போய்விடும். அடுத்த ஆண்டு போனால் உடம்புக்கு அது முதல் பயணம்தான். 2023இல் எனக்கு அது மூன்றாவது முறை. அன்றும் இரவு எட்டு மணிக்குத் தலை வலிக்கத் தொடங்கியது. நாலு கேள்வியைக் கேட்டுவிட்டு என் ஜோடித் தோழி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் போவதாக இருந்த திக்சேயை அதற்கு அடுத்த நாளுக்குத் தள்ளினோம்.